மக்கள் பாவலர் அண்ணாபாவு சாத்தேயின் பாடல்கள்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி. ராஜா ஆகிய பெரியோரைப் பற்றி இம்மலரில் எழுதுவதற்கு நம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆகவே மராத்தி நாட்டில் தோன்றிய ஒரு பாவலரை நாம் தேர்ந்துகொண்டோம். அவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் குடும்பத்தைச் சார்ந்தது. அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நம் பெரியப்பா 1953ஆம் ஆண்டில் பம்பாய்க்குச் சென்றவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றோருள் அவரும் ஒருவர். ஆண்டுக்கு ஒரு முறையோ, ஈராண்டுக்கு ஒரு முறையோ ஊர் வருவார். பெரியம்மா ஊரிலேயே இருந்தார். 1981இல் அவர் பம்பாயை விட்டு ஊருக்கே திரும்பியபோது நாம் ஆறாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தோம். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து, தொடையில் தாளமிட்டு, பொருள் விளங்காத மொழியில் ஒரு பாட்டை முணுமுணுப்பார். அதில் ‘மைனா’ என்ற ஒரு சொல் மட்டும் நமக்கு விளங்கும். “இது யார் பாட்டு பெரியப்பா?” என்று கேட்டோம். “யார் கண்டா? அங்க எல்லாவனும் பாடுவான்லே” என்றார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, மராத்தி அறிந்த நண்பர் ஒருவரின் துணையால், அந்தப் பாட்டு அண்ணாபாவு சாத்தே இயற்றிய ‘மாஜி மைனா’ என்பதை அறிந்தோம். எழுதியவர் பெயரையே அறியாத ஒருவர், தம் தாய்மொழியல்லாத ஒரு மொழியின் பாட்டைக் கால் நூற்றாண்டு காலம் நெஞ்சில் வைத்திருந்தார் என்றால் அப்பாட்டில் ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அது யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

அண்ணாபாவுவின் இயற்பெயர் துக்காராம் பாவுராவ் சாத்தே. 1920 ஆகஸ்டு 1ஆம் நாள், இன்றைய சாங்லி மாவட்டம் வாள்வா வட்டத்தைச் சேர்ந்த வாட்டேகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். (அண்ணா என்பதும் பாவு என்பதும் மராத்தியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் மதிப்புச் சொற்கள். ஆகவே ஊரார் அவரை இரண்டு முறை தமையனே என்று அழைத்தனர் எனலாம்.) அவர் பிறந்தது மாதங் சாதியில். மாங் என்றும் வழங்குவர். கயிறு திரித்தல், துடைப்பம் கட்டுதல், ஊர்க்காவல், விழாக்களில் ஹல்கி கொட்டுதல் ஆகியவை அம்மக்களுக்கு ஊர் ஒதுக்கிய தொழில்கள். ஹல்கி என்பது நம் பறையைப் போன்ற ஒருமுகத் தோற்கருவியே. கொட்டு வேண்டும், கொட்டுகிறவன் தீண்டத்தகாதவன் என்னும் நடைமுறை அங்கும் அப்படியே இருந்தது. இது போதாதென்று, 1871இல் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் அப்பகுதி மாங் மக்கள் மீது பாய்ந்தது. எந்த ஊரில் களவு நடந்தாலும் சாவடிக்கு வந்து வரவு சொல்ல வேண்டியவர்கள் இவர்களே. நம் தென்பாண்டிச் சீமையிலும் சில சமூகத்தார் இச்சட்டத்தின் கொடுமையை அனுபவித்தனர் என்பதை வாசகர் அறிவர்.

பள்ளிக்கூடத்தில் அண்ணாபாவு படித்தது ஒன்றரை நாள் என்று மராத்தி மக்கள் சொல்வர். இந்த ஒன்றரை நாள் கணக்கு எழுத்துச் சான்றால் வந்ததன்று, மக்கள் வாய்மொழியால் வந்தது. எவ்வாறாயினும் சாதி இழிவு மிகுந்த வகுப்பறையில் அச்சிறுவனால் நிற்க இயலவில்லை என்பது உறுதி. நாம் முப்பது ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியராக இருக்கிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து சிவப்பு மையால் ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு, இறுதியில் பெயரையே நீக்கிய நாட்கள் நமக்கும் உண்டு. நீக்கப்பட்ட பெயர்களுள் எத்தகைய அறிவு போயிற்று என்று அப்போது நாம் எண்ணியதில்லை.

1930களின் தொடக்கத்தில் பஞ்சம் துரத்த, சாத்தே குடும்பத்தார் வாட்டேகாவிலிருந்து பம்பாய்க்குக் கால்நடையாகவே புறப்பட்டனர். புகைவண்டிக்குக் கட்டணம் இல்லை. வழியில் கிடைத்த கூலி வேலையைச் செய்து, உண்டு, மீண்டும் நடந்து, சில மாதங்களில் பம்பாய் சேர்ந்தனர். அங்கே அச்சிறுவர் கரி பொறுக்கினார், சுமை தூக்கினார், பின்னர்ப் பருத்தி ஆலையில் சேர்ந்தார். கடைப் பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார் என்பர்.

மாட்டுங்கா தொழிலாளர் குடியிருப்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிய இடம். தாராவியை ஒட்டிய பகுதி அது. பொதுவுடைமைக் கட்சியார் அங்கே தொழிலாளரிடையே பணியாற்றினர். அங்கேதான் அண்ணாபாவு கட்சியைக் கண்டார், நூல்களைக் கண்டார், பாட்டையும் கண்டார். அவர் முதன்முதலில் கட்டிய பாட்டு அக்குடியிருப்பின் கொசுக்களைப் பற்றியது என்று கூறுவர். இச்செய்தியைக் கேட்டு நாம் முதலில் நகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தால் அதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. இரவு முழுவதும் உறங்க விடாமல் கடித்து, விடிந்ததும் ஆலைச் சங்குக்கு எழுப்பிவிடும் கொசுவைப் பாடியவனை அக்குடியிருப்பு மக்கள் உடனே தம்மவன் என்று அறிந்துகொண்டிருப்பர். தாமரையும் நிலவும் பாடியிருந்தால் அவ்வாறு அறிந்திருப்பரோ?

1944ஆம் ஆண்டில் அண்ணாபாவு, அமர் ஷேக், த.ந. கவாண்கர் ஆகிய மூவரும் சேர்ந்து ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தனர். அமர் ஷேக் இசுலாமியர். அவர் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே திடலின் கோடி வரை எட்டும் என்று புகழ்வர். ஆலை வாயில், சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு முற்றம், சிற்றூர்ச் சந்தை ஆகியவையே இவர்களுக்கு அரங்கம்.

அவர்கள் கையாண்ட வடிவங்களைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். பவாடா என்பது வீரர் புகழ் பாடும் கதைப்பாட்டு. சிவாஜி காலத்திலேயே அது இருந்தது. சோதிராவ் பூலே 1869இல் சிவாஜியைப் பற்றி ஒரு பவாடா இயற்றி, அவரை உழவர் குடியின் மன்னராகக் காட்டினார். பவாடா பாடுகிறவரே ஷாகீர் எனப்படுவார். லாவணி என்பது பெரும்பாலும் காதல் சுவை மிக்க பாட்டு. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் அது தமிழ்நாட்டுக்கும் வந்து, காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று எதிரெதிர் நின்று பாடும் லாவணியாக வளர்ந்தது. நம் லாவணிக்காரர் கையிலிருந்த துந்தினாவும் மராத்தி ஷாகீரின் துந்துணேயும் ஒன்றே. மூன்றாவது வடிவம் தமாஷா. பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கதையும் கலந்த கூத்து அது. அதில் ஆடியோரும் கொட்டியோரும் பெரும்பாலும் மகர், மாங், கோலாட்டி முதலிய ஒடுக்கப்பட்ட சாதியார். பார்த்து மகிழ்ந்தோரும் பழித்தோரும் பிறர்.

அண்ணாபாவு இத்தமாஷாவை உள்ளிருந்தே மாற்றினார். வழக்கமான தமாஷா கணபதி வணக்கத்தோடு தொடங்கும். அடுத்துக் கண்ணனும் ஆய்ச்சியரும் ஆடும் கௌளண் என்னும் பகுதி வரும். அண்ணாபாவு கணபதிக்கு மாறாக மண்ணையும் உழைப்பவரையும் வணங்கித் தொடங்கினார். கௌளணை நீக்கினார். பெண்களை வழிமறித்துக் கேலி செய்யும் அப்பகுதி தொழிலாளர் கூத்துக்கு வேண்டா என்பது அவர் கருத்து. கதைப் பகுதியில் அரசனுக்கும் அமைச்சனுக்கும் மாறாகக் கந்துவட்டிக்காரனும் தேர்தலில் நிற்கும் சேட்டும் வந்தனர். இவற்றை அவரே முதன்முதலில் செய்தார் என்று சிலர் எழுதுவது மிகை. பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தாரும், 1930களில் அம்பேத்கரின் கருத்தைப் பரப்பிய ஜல்சாக் குழுவினரும் இப்பாதையில் முன்னரே நடந்திருந்தனர். ஆனால் ஆலைத் தொழிலாளரின் அன்றாடத்தை அவ்வடிவத்துக்குள் முழுமையாகக் கொணர்ந்தவர் அண்ணாபாவு என்பதில் ஐயமில்லை.

விடுதலை வந்த சில ஆண்டுகளுக்குள் பம்பாய் அரசு தமாஷாவுக்கும் செங்கொடிக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கும் தடை விதித்தது. அப்போது அவர் தம் கூத்துக்கு ‘லோக்நாட்டிய’, அதாவது மக்கள் நாடகம், என்று பெயர் சூட்டி நடத்தினார் என்பர். சட்டம் தமாஷாவைத்தானே தடுத்தது, மக்கள் நாடகத்தைத் தடுக்கவில்லையே! இன்று மராத்தி நாடக வரலாறு எழுதும் அறிஞர் அனைவரும் லோக்நாட்டிய என்னும் சொல்லை மதிப்போடு கையாளுகின்றனர்.

அவருடைய ‘மும்பைச்சி லாவணி’யைத் தனியே குறிப்பிட வேண்டும். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு பட்டே பாபுராவ் என்னும் புகழ்பெற்ற தமாஷாப் பாவலர் இருந்தார். அந்தணர் குலத்தில் பிறந்தும் தமாஷாவுக்கென்றே வீட்டைத் துறந்து வந்தவர். அவரும் அதே வாள்வா வட்டத்துக்காரர். அவர் பம்பாயைப் புகழ்ந்து ஒரு லாவணி பாடியிருந்தார். அதன் மாடங்களும் கடைவீதிகளும் டிராம் வண்டிகளும் புதுமைகளும் அதில் மின்னின. அண்ணாபாவு அதே ஊரை, அதே வடிவில் மீண்டும் பாடினார். ஆனால் அவர் கண்ட பம்பாய் இரண்டு. மலபார்க் குன்றின் மாளிகைகள் ஒரு புறம், நெரிசலில் நோயும் பசியுமாகக் கிடக்கும் உழைப்பாளர் தெருக்கள் மறு புறம். முன்னவர் வியந்த நகரத்தைக் கட்டியவர் எங்கே உறங்குகிறார் என்று பின்னவர் காட்டினார். இவ்விரு லாவணிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு நகரத்தின் வரலாறு விளங்கும். பட்டே பாபுராவைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கருத வேண்டா. அவரும் பெரும் பாவலரே.

இனிப் பெரியப்பாவின் பாட்டுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மராத்தி மக்களுக்குத் தனி மாநிலம் கிடைக்கவில்லை. குசராத்தியரோடு சேர்ந்த இருமொழி மாநிலமே கிடைத்தது. பம்பாய் நகரம் தங்களுக்கே வேண்டுமென்று ஐக்கிய மகாராஷ்டிரக் கிளர்ச்சி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவர்களுள் மிகப் பலர் ஆலைத் தொழிலாளர். 1960 மே 1ஆம் நாள் பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. நம் பக்கத்தில் 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்ததையும், அதற்காகச் சிந்திய குருதியையும் நினைப்போர்க்கு அக்கிளர்ச்சியின் வேகம் விளங்கும். அக்கிளர்ச்சியின் மேடைகளில் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் மூவரின் பாடல்களுக்கே மக்கள் திரண்டனர் எனின் மிகையன்று.

‘மாஜி மைனா காவாவர் ராகிலி’ அக்காலத்துப் பாட்டு. சக்கட் என்னும் லாவணி வகையைச் சார்ந்தது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஒருவன், ஊரில் விட்டு வந்த மனைவியை நினைத்துப் பாடுகிறான். அவளை மைனா என்கிறான். அவள் எழிலையும் பிரிந்த காட்சியையும் சொல்கிறான். பின்னர் பம்பாயில் தான் கண்ட ஏற்றத்தாழ்வுகளைச் சொல்கிறான். அதன் பின் கிளர்ச்சி வருகிறது. முடிவில், பெல்காம், கார்வார் முதலிய மராத்தி பேசும் எல்லைப் பகுதிகள் புது மாநிலத்துக்கு வெளியே நின்றுவிட்டதை, ஊரில் நின்றுவிட்ட மைனாவோடு ஒப்பிட்டு வருந்துகிறான். கேட்பவன் மனைவியை நினைத்து உருகிக்கொண்டிருக்கும்போதே மாநில எல்லை அவனுடைய சொந்தத் துயராகிவிடுகிறது. எத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றியும் எய்த முடியாததை ஒரு பாட்டு எய்தியது.

ஆனால் நாம் கருதுவது இதுவே: அப்பாட்டு நிலைத்தது எல்லைச் சிக்கலால் அன்று. பெல்காம் வழக்கு இன்றும் தீராதிருப்பது உண்மையே. எனினும் அது தீர்ந்துவிட்டாலும் பாட்டு சாகாது. நம் பெரியப்பாவுக்குப் பெல்காமைப் பற்றி என்ன கவலை? அவர் அப்பாட்டின் பிற்பகுதியைப் பாடி நாம் கேட்டதே இல்லை. முற்பகுதியை மட்டுமே பாடுவார். கொங்கணத்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி தன் ஊரை அதில் வைத்துப் பாடினான். சதாராக்காரன் தன் ஊரை வைத்தான். திருநெல்வேலிக்காரன் தன் ஊரை வைத்தான். பாடுகிறவன் தன் மைனாவைக் கொண்டுவந்து அமர்த்திக்கொள்ள அதில் இடம் விடப்பட்டிருக்கிறது. அவ்விடத்தை விட்டு வைத்ததே அப்பாவலரின் பெருந்திறம் என்போம்.

அவருடைய எல்லாப் பாடல்களும் இவ்வாறு நிலைத்தன என்று சொல்லுதல் உண்மையாகாது. 1943இல் ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி அவர் பாடிய பவாடா அக்காலத்தில் பெரும் புகழ் பெற்று உருசிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. வங்கப் பஞ்சத்தைப் பற்றிய பாட்டும் கேட்டோர் கண்களைக் கலங்கச் செய்தது. இன்று ஸ்டாலின்கிராட் பவாடாவைப் படிப்போர் உளர், பாடுவோர் அரியர். வாட்டேகாவில் பிறந்து ஒன்றரை நாள் பள்ளி சென்ற ஒருவர் உலகப் போரைத் தம் போராகக் கண்டார் என்பது வியக்கத்தக்கதே. ஆயினும் அப்பாட்டில், மைனாப் பாட்டில் உள்ளது போல் நாம் நுழைவதற்கு இடம் குறைவு. இது நம் கருத்து. மராத்தி அறிஞர் மறுக்கலாம்.

அண்ணாபாவு யாருடையவர் என்றொரு வழக்கு மராத்தி நாட்டில் உண்டு. பொதுவுடைமையர் அவரைத் தம்மவர் என்பர். அம்பேத்கர் வழி நின்றோர் தம்மவர் என்பர். மாதங் மக்களோ தம் குலத்து மணி என்பர். அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்த பின் அவரை நினைந்து அண்ணாபாவு பாடிய ‘ஜக் பதல்’ என்னும் பாட்டு இன்றும் டிசம்பர் 6ஆம் நாளில் தாதர் சைத்தியபூமியில் ஒலிக்கக் கேட்கலாம். 1958ஆம் ஆண்டில் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் அவரே. உலகம் ஆதிசேடனின் தலைமேல் நிற்கவில்லை, தலித்துகளும் தொழிலாளரும் ஏந்திய கைகளின் மேலேயே நிற்கிறது என்ற கருத்தை அவர் அங்கே எடுத்துரைத்தார். 1959இல் வெளிவந்த ‘ஃபகீரா’ என்னும் தம் நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்கே காணிக்கையாக்கினார். பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்காக வெள்ளையரை எதிர்த்து நின்ற ஒரு மாங் வீரனின் கதை அது. எந்தச் சட்டம் அம்மக்களைப் பிறவிக் குற்றவாளி என்றதோ, அச்சட்டத்தின் முகத்தில் எழுதிய மறுமொழி. 1961இல் மாநில அரசு அதற்குப் பரிசளித்தது. அவ்வாண்டே அவர் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். இவ்வழக்கில் நாம் ஒரு பக்கம் சேர விரும்பவில்லை. செங்கொடியும் நீலக்கொடியும் ஒருவர் கையிலேயே இருந்த காலம் ஒன்று உண்டு என்பதற்கு அவர் சான்றாக இருந்தால் போதும்.

முப்பத்தைந்து நாவல்களும் பல சிறுகதைத் தொகுதிகளும் எழுதிய அவர், பெரும்பாலும் காட்கோபரில் சிராக் நகர்க் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். 1969 சூலை 18ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறையுமுன், வறுமையில் மறைந்தார். அடுத்த மாதமே அமர் ஷேக்கும் மறைந்தார். அதன் பின் நடந்தவை வியப்புக்குரியவை. 1985இல் மகாராஷ்டிர அரசு மாதங் மக்களின் மேம்பாட்டுக்கென அவர் பெயரால் ஒரு கழகம் நிறுவியது. அவர் பாடல்கள் ‘ஷாகீர்’ என்னும் தொகுப்பாக வந்தன. 1998இல் அரசே அவருடைய தேர்ந்த எழுத்துக்களைப் பெரும் தொகுதியாக வெளியிட்டது. 2002 ஆகஸ்டு 1ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. 2022 செப்டம்பரில் மாசுக்கோ நகரில், அயல்நாட்டு இலக்கிய நூலகத்தில் அவர் சிலை திறக்கப்பட்டது. ஓர் அரசு தடுத்த கூத்தை அடுத்த தலைமுறை அரசு அச்சிட்டது. அச்சிட்டதைக் குறை கூற மாட்டோம். தொகுப்பு வந்திராவிடில் நம் போன்றோர் அவர் பாட்டை எங்ஙனம் அறிவோம்?

எனினும் அவர் யாரை நோக்கிப் பாடினாரோ அந்த ஆலைகள் இன்று இல்லை. 1982 சனவரியில் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் இறங்கினர். அவர்களுள் பலருக்குத் திரும்பிச் செல்ல ஆலையே இல்லாமற்போயிற்று. பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைப் புகைபோக்கிகள் நின்ற நிலத்தில் இன்று அடுக்கு மாடங்களும் அங்காடி மாளிகைகளும் நிற்கின்றன. மைனாப் பாட்டு மட்டும் ஆலை மூடிய பின்னும் மூடப்படவில்லை. காட்கோபர் ரமாபாய் நகரில் 1997 சூலை 11ஆம் நாள் அம்பேத்கர் சிலை இழிவு செய்யப்பட்டதைக் கண்டு திரண்ட மக்கள் மீது காவலர் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். அத்துயரைத் தாங்காமல் சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட விலாஸ் கோக்ரே இதே மரபில் வந்த ஷாகீர். 2011இல் ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்னும் ஆவணப்படம் அவரிலிருந்தே தொடங்குகிறது. அப்படத்தைக் கண்டோர் அறிவர், அண்ணாபாவுவுக்குப் பின் பாட்டு நின்றுவிடவில்லை என்பதை.

நாம் ஒரு முறை உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுத் தாராவி சென்றபோது ஆகஸ்டு 1ஆம் நாள் அங்கே இருக்க நேர்ந்தது. மாலையில் ஊர்வலம். மாலையிட்ட அண்ணாபாவு படம், ஹல்கிக் கொட்டு, மழை. இளைஞர்கள் ஒலிபெருக்கியில் புது மெட்டுப் பாட்டுகளுக்கு ஆடிக்கொண்டு சென்றனர். நடுவே ஒரு முதியவர் மட்டும் ஒலிபெருக்கி நின்ற இடைவெளியில் பழைய மெட்டில் எடுத்துப் பாடினார். பெரியப்பா முணுமுணுத்த அதே மெட்டு. தொகுப்பு நூலில் சொற்கள் உண்டு. இந்த மெட்டு அதில் இல்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்பதை எந்த அச்சுக்கூடம் கோத்துத் தரும்? அம்முதியவரோடு அது போய்விடுமோ என்று அன்று அஞ்சினோம். பின்பு ஒரு பையன் அவர் அருகே சென்று கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்ததைக் கண்டு சற்று ஆறுதல் கொண்டோம்.

ஊர் திரும்பிய பின் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இப்பாட்டின் பொருளை ஒரு நாள் எடுத்துரைத்தோம். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “மைனா என்ன சொன்னாங்க ஐயா?” என்று கேட்டாள். நமக்கு உடனே விடை வரவில்லை. பாட்டு முழுவதும் கணவனே பேசுகிறான். மைனாவின் அழகு உண்டு, கண்ணீர் உண்டு, அவள் வாய்மொழி குறைவு. கூத்திலிருந்து கௌளணை நீக்கிய பெருமகனார்க்கும் இது தோன்றவில்லை. காலத்தின் குறை என்றோ வடிவத்தின் குறை என்றோ சமாதானம் சொல்லலாம். அம்மாணவியிடம் அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை நமக்குப் பெரியம்மாவின் நினைவே மேலோங்கி நின்றது. பெரியப்பா தாராவியிலிருந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அவர் ஊரில் தனியே நின்று இரு பிள்ளைகளை வளர்த்தார். நடவு வயலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவரே. பம்பாய்க்குப் போனவனைப் பற்றியும், மணியார்டர் கொண்டுவரும் தபால்காரரைப் பற்றியும், கடிதம் எழுதிக் கொடுக்க வாத்தியார் வீட்டு வாசலில் காத்திருந்ததைப் பற்றியும் அவர் பாடிய பாட்டுகள் உண்டு. உடன் நட்ட பெண்கள் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பின்பாட்டுப் பாடுவர். சிறுவயதில் வரப்பில் அமர்ந்து நாமும் கேட்டிருக்கிறோம். பி.ஏ., பி.எட். பட்டம் பெற்று ஆசிரியரான பின்னும் ஒரு வரியையேனும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. அவர் 2004இல் மறைந்தார்.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் நம் சங்கத்தின் இரவுப் பள்ளி மாணவியர் நால்வர், பெரியம்மாவோடு வயலில் நின்ற மூதாட்டியரைத் தேடிச் சென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டுகளை எழுதி வந்தனர். கேள்வி கேட்ட அம்மாணவியும் அவர்களுள் ஒருத்தி. இதுவரை பதினொரு பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. மெட்டையும் கைப்பேசியில் பதிந்திருக்கின்றனர். தபால்காரர் பாட்டுக்கு முதல் மூன்று கண்ணிகளே கிடைத்தன. மீதி தெரிந்தவர் கீழத்தெருவில் எவரேனும் இருப்பின் சங்க நூலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். நோட்டுப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது.